அடம்பிடிக்கும் பிள்ளையும் பக்கத்தில் நிற்கும் பெரியவரும்

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்இனஃப், சிறு பிள்ளைகளின் கோபத்தை ஆராய நினைத்தபோது சோதனைக்கூடத்தை நம்பவில்லை. தாய்மார்களின் கையில் குறிப்பேட்டைக் கொடுத்தார். பிள்ளை எப்போது கத்தியது, எதற்காக, எவ்வளவு நேரம், பெரியவர்கள் என்ன செய்தார்கள், கடைசியில் எப்படி அடங்கியது என்று வீட்டில் நடப்பதை அன்றன்றே எழுதி வைக்கச் சொன்னார். அவற்றைத் தொகுத்து 1931இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது.

அந்தத் தாய்மார்கள் எழுதியதில் நம்மூர்ப் பாட்டிகளுக்கு வியப்பளிக்க எதுவும் இல்லை. கோபம் உச்சத்தில் இருப்பது இரண்டாம் வயதில். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பும் அது கூடுகிறது. சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள், சளி பிடித்த நாள், வீட்டுக்கு விருந்தாளி வந்த நாள் என்றால் இன்னும் கூடுகிறது. பெரும்பாலான ஆர்ப்பாட்டங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்த்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கம் போயிருக்கும், பந்தி தள்ளிப்போயிருக்கும், முன்பின் தெரியாத இருபது பேர் கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, கையில் இருந்த பலூன் வெடித்துவிடுகிறது.

உடனே நாற்புறமிருந்தும் தீர்ப்புகள் வரும். “ரெண்டு போட்டா சரியாயிடும்” என்பார் பெரியப்பா. “போனைக் கையில கொடுத்து உட்கார வைம்மா” என்பார் அத்தை. “அதோ பார், போலீஸ்காரர் வர்றாரு” என்று ஒரு குரல். “கண்டுக்காத, அழுது ஓய்ஞ்சு தானா வரும்” என்று இன்னொன்று. நான்கு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் நால்வரின் கவலையும் சத்தம் நிற்க வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளை எதைப் பழகிக்கொண்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஏமாற்றத்தைத் தாங்குவது பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கத்துக்கு இரண்டு வேண்டும்: பிள்ளையால் தாங்கக்கூடிய அளவுக்கு ஏமாற்றம், அது தாங்கி முடிக்கும்வரை பதறாமல் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர். போனைக் கொடுப்பவர் முதலாவதை எடுத்துவிடுகிறார். அடிப்பவரும் மிரட்டுபவரும் கண்டுகொள்ளாமல் போகிறவரும் இரண்டாவதைத் தர மறுக்கிறார்கள்.

ஒரு அடம் எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதை மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் விரிவாக எழுதினார்கள். ஒன்றரை வயது முதல் ஐந்து வயதுவரையிலான 335 பிள்ளைகளின் பெற்றோர், நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு இழைகள் தெரிந்தன. கத்துவது, உதைப்பது, பொருளை எறிவது என்று கோபம் சட்டென்று மேலேறி, சீக்கிரமே இறங்கிவிடுகிறது. அழுகை, விசும்பல், ஆறுதல் தேடி வருதல் என்று துயரம் தொடக்கம் முதலே உள்ளோடி, கோபம் இறங்கிய பிறகு வெளியே தெரிகிறது. நான்கில் மூன்று அடங்கள் ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. அதிலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தவையே மிகுதி. பிறகு ஜேம்ஸ் கிரீன் முதலியவர்களோடு சேர்ந்து, பிள்ளைகளின் சட்டையில் சிறு ஒலிவாங்கியைத் தைத்துப் பதிவு செய்து, 2011இல் அதே கதையை ஒலியாகவும் உறுதிசெய்தார் பொட்டேகல். வீறிடல் ஓரிடத்தில் திரள்கிறது. சிணுங்கலும் அழுகையும் நெடுகப் பரவிக் கிடக்கின்றன.

இதன் பயன் நேரடியானது. கோபம் மேலேறிக்கொண்டிருக்கும் அந்த முதல் நிமிடத்தில் எந்த உபதேசமும் உள்ளே போகாது. “ஏன் அழறே? என்ன வேணும்? வாயைத் திறந்து சொல்லு” என்று அடுக்கடுக்காகக் கேட்பது, ஏற்கெனவே நிரம்பி வழியும் தலைக்குள் இன்னும் நாலு சுமையை ஏற்றுவதுதான். அடுப்பு, மாடிப்படி, கண்ணாடி பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். குரல் வீறிடலிலிருந்து விசும்பலுக்கு மாறும்போது பிள்ளை தானே மடியைத் தேடும். அப்போது தூக்கிக்கொள்வதைச் ‘செல்லம் கொடுத்துக் கெடுப்பது’ என்று நம்மவர்கள் சொல்கிறார்கள். கேட்ட பொருளைக் கொடுத்தால் அப்படிச் சொல்லலாம். மடியைக் கொடுத்ததற்கு அந்தப் பழி பொருந்தாது.

பிள்ளை இதை எப்போது, எந்த வரிசையில் கற்கிறது? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பமேலா கோல் இதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தார். ஒன்றரை வயதில் தொடங்கி நான்கு வயதுவரை 120 பிள்ளைகள். பெரும்பாலும் வருமானம் இழுபறியாக இருந்த குடும்பங்கள். சோதனை எளிமையானது. பளபளக்கும் தாளில் சுற்றிய பரிசு ஒன்று மேசையில் இருக்கும். தாய்க்குச் செய்து முடிக்க ஏதோ எழுத்து வேலை. அவர் முடிக்கும்வரை பரிசைத் திறக்கக் கூடாது. விளையாட ஒரே ஒரு உப்புச்சப்பில்லாத பொம்மை. எட்டு நிமிடம். சமையலறையில் குக்கர் இறங்கக் காத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இந்த எட்டு நிமிடத்தின் நீளம் தெரியும்.

ஒன்றரை வயதில் கோபம் உடனே வந்தது, நீண்ட நேரம் நின்றது. வயது ஏற ஏறக் கோபம் வரத் தாமதமாயிற்று, வந்தாலும் சீக்கிரம் போயிற்று. மூன்று வயது வாக்கில் பிள்ளைகள் அம்மாவிடம் வந்து பேசத் தொடங்கினார்கள்: முடிஞ்சுதா, இன்னும் எவ்வளவு நேரம், எனக்கு இப்பவே வேணும். நான்கு வயதில் பலர் தாங்களாகவே கவனத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கதை கட்டினார்கள், அந்த மொக்கைப் பொம்மையை வைத்தே ஏதோ விளையாடினார்கள். ஒன்றரை வயதிலேயே பேச்சு நன்றாக வந்திருந்த, பிறகும் வேகமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு நான்கு வயதில் கோபம் குறைவாக இருந்தது என்று கரோலின் ரோபனும் கோலும் 2013இல் எழுதிய கட்டுரை காட்டியது. நடுவில் அமைதியாக உதவி கேட்டவர்கள் பிற்பாடு குறைவாகக் கோபப்பட்டார்கள்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்த மூன்று வயதுக் கட்டத்தை. நச்சரிப்பு என்று நாம் எரிந்துவிழும் அந்தக் கேள்விகள்தான் வளர்ச்சி. நேற்றுவரை தரையில் புரண்டு சொன்னதை இன்று வாயால் சொல்கிறது. “சும்மா தொணதொணன்னு கேட்காதே” என்று வாயை அடைத்தால், பழைய மொழிக்கே அது திரும்பிப் போகும்.

பேச்சு கொடுப்பது என்றதும் மேல்நாட்டுப் பிள்ளை வளர்ப்பு நூல்களின் செயற்கையான வாக்கியங்கள் நினைவுக்கு வந்து சிலருக்குச் சிரிப்பு வரும். அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. “கட்டினது சாஞ்சு போச்சா கண்ணு? கோவமா வருதா?” என்று மடியில் வைத்துக் கேட்கும் ஆயாவிடம் வேண்டிய எல்லாமே இருக்கிறது. நடந்தது என்ன, அதற்குப் பெயர் என்ன, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும் பிள்ளைக்குக் கிடைத்துவிடுகின்றன. “அங்க பாரு காக்கா” என்று சன்னலுக்குத் தூக்கிப் போவதும் ஏமாற்று வேலை இல்லை. கோலின் சோதனையில் நான்கு வயதுப் பிள்ளை தானாகச் செய்ததை, ஒரு வயதுப் பிள்ளைக்காகப் பாட்டி செய்கிறார்.

அப்படியானால் போனும் காக்கா போலத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காக்காவைக் காட்டும்போது பாட்டி கூடவே பேசுகிறார், பிள்ளை தேடிப் பார்க்கிறது, காக்கா பறந்துபோனால் இன்னொன்றைத் தேட வேண்டியிருக்கிறது. கவனத்தைத் திருப்பும் வேலையில் பாதியைப் பிள்ளை செய்கிறது. போன் முழு வேலையையும் தானே செய்துவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ஜெனி ரடெஸ்கி குழுவினர், 3 முதல் 5 வயதுவரையிலான 422 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து 2022 இறுதியில் முடிவுகளை வெளியிட்டார்கள். அழுகையை அடக்க அடிக்கடி போனோ டேப்லெட்டோ கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் உணர்ச்சிக் கொந்தளிப்பு பின்னர் கூடியிருந்தது. ஆண் பிள்ளைகளிடமும் இயல்பிலேயே துறுதுறுப்பு மிகுந்தவர்களிடமும் இந்தத் தொடர்பு தெளிவாக இருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 315 பிள்ளைகளைப் பற்றிய 2024ஆம் ஆண்டு ஆய்வு இதன் சுழலைக் காட்டியது. மூன்றரை வயதில் டேப்லெட் அதிகம் பார்த்தவர்களிடம் நாலரை வயதில் கோபம் கூடுதல். நாலரை வயதில் கோபம் கூடுதலாக இருந்தவர்கள் ஐந்தரை வயதில் இன்னும் அதிகம் பார்த்தார்கள்.

இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை அறுதியிட்டுச் சொல்பவை இல்லை. சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போகும் தாய் இரவு ஒன்பது மணிக்குப் போனைக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. கவலைப்பட வேண்டியது அழுகைக்கும் போனுக்கும் முடிச்சு விழுந்துவிட்ட வீட்டைப் பற்றி. ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் அதுவே மருந்து என்றால், வேறு மருந்தைத் தேடும் வாய்ப்பே பிள்ளைக்கு வாய்ப்பதில்லை.

உதவி செய்வதில் இன்னொரு கோளாறு உண்டு. அது அன்பின் பெயரால் நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்று கல்வியியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர். கோபுரமாக அடுக்க 21 மரக்கட்டைகள். சொல்லிக்கொடுப்பவர் எப்போது கைகொடுக்கிறார், எப்போது விலகுகிறார் என்று பார்த்தார்கள். கட்டடம் எழும்போது கொத்தனார் கட்டும் சாரத்தைப் போல, சுவர் நின்றதும் பிரிக்கப்பட வேண்டிய உதவி இது என்றார்கள். சாரத்தின் வேலைகளாக அவர்கள் வகுத்த ஆறில் ஒன்று, பிள்ளையின் ஆற்றாமையைத் தாங்கக்கூடிய அளவில் வைத்திருப்பது. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார்கள்: அளவு மீறினால் பிள்ளை சொல்லிக்கொடுப்பவரையே சார்ந்துவிடும்.

நம் வீடுகளில் சாரத்தைப் பிரிக்கவே மனம் வருவதில்லை. காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் ஸ்கூல் வேன் ஆரன் அடிக்கிறது. பிள்ளை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறது. “இங்க கொடு, நான் போட்டு விடறேன்” என்று இரண்டே நொடியில் வேலை முடிகிறது. காலையில் அது சரி. வேன்காரர் காத்திருக்க மாட்டார். மாலையிலும் அதே நடந்தால்தான் சிக்கல். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் புதிரோடு திணறும்போது பெரியவர் வாங்கித் தானே முடித்துவிட்டால், அடுத்துக் கொடுக்கும் கடினமான வேலையைப் பிள்ளை சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது என்று ஜூலியா லெனார்ட் குழுவினர் 2021இல் காட்டினார்கள். பெரும்பாலும் ஒரு பொத்தானை நாம் துளையில் பாதி நுழைத்துக் கொடுத்து, மீதியை இழுக்க விட்டால் போதும். மூன்று நிமிடம் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய மூன்று நிமிடம் அது, பெரியவருக்கு.

பொத்தானைப் பாடமாகவே ஆக்கியவர் ஒருவர் சென்னையில் வாழ்ந்திருக்கிறார். மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவோடு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் மூண்டு இத்தாலியர்கள் எதிரி நாட்டவரானதால், திரும்பிப் போக முடியாமல் அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியைக் கொடைக்கானலிலும் கழித்தார். அவர் வடிவமைத்த கருவிகளில் மரச்சட்டத்தில் துணி பூட்டிய ஒரு வகை உண்டு: ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா முடிச்சு. பிள்ளையின் உடம்பிலிருந்து பொத்தானைக் கழற்றி மேசையில் வைத்ததால் அவசரம் போய்விட்டது. இன்னொன்றும் செய்தார். வகுப்பில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்று. வேறொரு பிள்ளை எடுத்துவிட்டால், அது முடித்துத் திருப்பி வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சண்டை வேண்டாமென்று ஒரே நிறத்தில் இரண்டு கார் வாங்கும் பெற்றோர் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பெரியவர் தாமே திணறுவதைப் பிள்ளை பார்ப்பதும் நல்லதுதான். இதே லெனார்ட், எம்.ஐ.டி.யில் இருந்தபோது 2017இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து மாதக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் டப்பாவிலிருந்து பொம்மையை எடுக்கப் போராடினார். சில குழந்தைகள் பார்த்தது நெடுநேரப் போராட்டம். சிலர் பார்த்தது நொடியில் முடிந்த வேலை. பிறகு பாட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் பெரிய பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது. போராட்டத்தைப் பார்த்த குழந்தைகள் அதைக் கூடுதல் முறை அழுத்திப் பார்த்தார்கள். ஊறுகாய் பாட்டில் மூடியோடு அப்பா மல்லுக்கட்டும் காட்சி வீணாகப் போவதில்லை. அவர் பாட்டிலைத் திட்டிக் கீழே போடாதவரை.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான பாடம் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. காத்திருந்தால் இரண்டு மிட்டாய், இப்போதே என்றால் ஒன்று என்ற வால்டர் மிஷெலின் ஸ்டான்ஃபோர்டு சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பொறுமையுள்ள பிள்ளை வாழ்க்கையில் ஜெயிக்கும் என்று மேடைப் பேச்சாளர்கள் அதை வைத்து நிறையச் சம்பாதித்துவிட்டார்கள். 2018இல் ஏறத்தாழ 900 பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்ததும் அந்த ஆருடத்தின் பெரும்பகுதி காற்றில் போயிற்று. அதற்கு முன்பே, 2013இல், ராச்செஸ்டரின் செலஸ்ட் கிட் குழுவினர் வேறொரு கேள்வி கேட்டிருந்தார்கள்: சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பெரியவருக்காக எந்தப் பிள்ளை காத்திருக்கும்?

28 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். படம் வரையப் பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் பொறு, நல்லதாக நிறையக் கொண்டு வருகிறேன்” என்ற பாணியில் சொல்லிப் போனார் ஒருவர். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றக் குழுவிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று சொல்லிவிட்டார். ஸ்டிக்கர் விஷயத்திலும் அப்படியே நடந்தது. அதன் பிறகுதான் மிட்டாய். சொல் தவறாதவரைக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். முழு 15 நிமிடமும் தாங்கியவர்கள் முதல் குழுவில் 14 பேரில் 9 பேர். இரண்டாம் குழுவில் ஒரே ஒருவர். பொறுமை பிள்ளையின் பிறவிக் குணம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், சரியாகவே போட்டார்கள்.

“அப்புறம் வாங்கித் தர்றேன்.” “நாளைக்குப் பார்க்குக்குப் போகலாம்.” “கடை மூடிட்டாங்க.” விளக்கெரிய, வியாபாரம் நடக்கிற கடையைத் தாண்டிப் போகும்போதே சொல்லப்படும் பொய் அது. ஒரு நாளில் ஒரு பிள்ளை இப்படி எத்தனை கேட்கிறது என்று எந்த வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம். ‘இன்னைக்கு இல்லை’ என்று சொல்லி ஐந்து நிமிட அழுகையைத் தாங்க மனமில்லாமல், நாம் எடுக்கும் கைமாற்றுக் கடன் இவையெல்லாம். அடுத்த முறை “பொறு” என்றால் பிள்ளை ஏன் பொறுக்க வேண்டும்?

‘முடியாது’ என்ற சொல்லும் அப்படித்தான். முதலில் முடியாது, கத்தினால் முடியாது, தரையில் விழுந்து புரண்டால் சரி என்று ஒரு வீட்டில் வழக்கமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறது. கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று பெற்றோர் கற்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் பழக்குகிறார்கள். எனவே குறைவாகச் சொல்லி, சொன்னதைக் காப்பது நல்லது. கொடுக்கப்போவதாக இருந்தால் முதல் முறை கேட்டபோதே கொடுத்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடியைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளோடு 2016இல் வெளியிட்ட கட்டுரையில், அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாகவே காணப்பட்டன. பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பூச்சாண்டி, ஊசி போடும் டாக்டர், பிடித்துப் போகும் போலீஸ் என்று வீட்டில் விடும் மிரட்டல்களைத் தடுக்க யாரும் வருவதில்லை. அதன் விலையைத் தடுப்பூசி நாளன்று ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கொடுக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும், வழி ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். மானுடவியலாளர் ஜீன் பிரிக்ஸ் 1960களில் கனடாவின் வடகோடியில் உட்கு இனூயிட் மக்களோடு வாழ்ந்து 1970இல் எழுதிய நூலில், பெரியவர்கள் சிறு பிள்ளைகளிடம் குரலை உயர்த்துவதே இல்லை என்று பதிவு செய்தார். அங்கே கோபப்படுவது வளராதவர்களின் செயல். காமரூன் நாட்டு என்சோ இனத்தில் கதை வேறு. அங்கே தாய்மார்கள் அடக்கத்தையும் கீழ்ப்படிதலையும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே எதிர்பார்க்கிறார்கள். பெட்டினா லாம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மிட்டாய்க்குப் பதில் உள்ளூர் இனிப்புப் பணியாரத்தை வைத்துச் சோதித்தபோது, நான்கு வயது என்சோ பிள்ளைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் காத்திருந்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உணர்ச்சியைப் பேசிப் பேசி வளர்க்கும் ஜெர்மன் நடுத்தர வர்க்கத்துக்கு இது கசப்பான செய்தியாக இருந்திருக்கும். கீழ்ப்படிதல்தான் சிறந்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். என்சோ குழந்தை அழ ஆரம்பிக்கும் முன்பே ஒரு கை அதைத் தூக்கிவிடுகிறது என்பதும் அந்தக் கதையின் பாதி. உட்கு, என்சோ இரண்டிலும் பிள்ளை தனியாக விடப்படவில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? தினமும் தவறாமல் அடம் என்பது மழலைப் பருவத்தில் பத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாகவே இருக்கிறது. தன்னையே அடித்துக்கொள்வது, நெடுநேரம் அடங்காமல் போவது, வயதுக்கேற்ற பேச்சு வராதது ஆகியவை கூட இருந்தால் காத்திருக்க வேண்டாம். பேச்சு வராத பிள்ளையின் கோபத்துக்குப் பின்னால் காது கேளாமை இருப்பதும் உண்டு. மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் பதறாத பெரியவர் என்று எழுதுவது எளிது. பன்னிரண்டு மணி நேரம் பனியன் கம்பெனியில் நின்றுவிட்டு வரும் தாயிடம், கடன் தவணை நெருக்கும் தந்தையிடம், மூட்டுவலியோடு பேரனைத் துரத்தும் பாட்டியிடம் அந்தப் பதறாமை எங்கிருந்து வரும்? கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் எரிந்துவிழுந்தால் தூக்கிப்போக இன்னொருவர் இருந்தார். இரண்டு அறை வாடகை வீட்டில் அந்த இன்னொருவர் போன்தான். ஆகவே தாய்மார்களைக் குறை சொல்லி முடிக்கும் கட்டுரைகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பதுதான் அமைப்பு. அந்தப் பணியாளர் எடை பார்க்கிறார், சத்துமாவு கொடுக்கிறார், கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறார், போஷண் டிராக்கர் செயலியில் விவரம் ஏற்றுகிறார். உதவியாளர் சமைக்கிறார். இருபது பிள்ளைகளில் ஒன்று பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு கதறும்போது, அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார யாருக்கு நேரம்? ஏட்டு வேலையைக் குறைத்து இரண்டாவது ஆசிரியரைத் தருவதுதான், பிள்ளைகளின் மனநலத்துக்கு அரசு செய்யக்கூடிய மலிவான காரியம். இன்னொரு பக்கம், தனியார் மழலையர் பள்ளிகளில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து நான்குகோடு நோட்டில் எழுதச் சொல்வது நிற்க வேண்டும். அந்த விரல்களால் முடியாத வேலை அது. தாங்கக்கூடிய ஏமாற்றம் என்ற கணக்குக்குள் அது வராது.

அங்கன்வாடியில் விட முடியாத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இதுவும் கிடையாது. டெல்லியில் கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக மீரா மகாதேவன் 1969இல் தொடங்கிய மொபைல் கிரஷஸ், வேலை நடக்கும் இடத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்துவரவும் அது வழி செய்தது. பின்னலாடை, தோல், மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலத்தில், அந்தக் காப்பகங்கள் எத்தனை திறந்திருக்கின்றன, அவற்றில் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன என்று தொழிலாளர் துறை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடலாம். அந்த நான்கு வருகைகளைத் தந்தைக்கும் கொடுக்கலாம்.